ஓடியதற்கு மார்க்கு இல்லை

மார்க்கு சாருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்பதில் ஒரு சண்டையே உண்டு. தேர்வுத் துறை அலுவலகத்தில் மதிப்பெண் சரிபார்க்கும் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்திருந்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம் என்று அலுவலகத்துக்காரர்கள் கேட்பார்கள். அதெல்லாம் கிடையாது, ஹாக்கி மட்டையைத் தொட்ட ஒருவரையும் விடாமல் மார்க்கு போட்டுத் தள்ளுகிறாரே, அதனால் நாங்கள் வைத்த பெயர் என்று மைதானத்துக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவர் ஹாக்கி ஆடியவர் இல்லை. பள்ளிக்கூட அணியில் ஒரு வருடம் மாற்று ஆட்டக்காரராக இருந்தார். அந்த வருடம் முழுக்க யாருக்கும் அடிபடவில்லை, இவரை யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தில் யார் எத்தனை கோல் போட்டார்கள், யார் எத்தனை தடவை பந்தைக் கோட்டைவிட்டார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் விட்டுப்போனது. நோட்டு விடவில்லை.

அலுவலக வேலை அவருக்கென்றே செய்து வைத்தது. விடைத்தாளின் முதல் பக்கத்தில் கேள்விவாரியாகக் கட்டங்கள் இருக்கும். திருத்தியவர் போட்ட மதிப்பெண் கட்டத்தில் ஏறியிருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பதுதான் வேலை. உள்ளே பையன் என்ன எழுதியிருக்கிறான் என்று படிக்கக் கூடாது. மறுகூட்டலுக்கு விண்ணப்பம் வந்தாலும் அதே கதைதான். கட்டத்தில் இருப்பதை மறுபடி கூட்ட வேண்டும், தனித்தனியாக இரண்டு பேர் கூட்ட வேண்டும், இரண்டு தடவையும் ஒரே எண் வராமல் வெளியே விடக் கூடாது. அவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இருந்தால் என்ன என்று நானும் விட்டுவிடுகிறேன்.

ஹாக்கிக்கும் அதே கட்டங்களைப் போட்டார். ஒருவர் மேதையா இல்லையா என்று தீர்மானிக்க அவரிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. உலகக் கோப்பை, ஒலிம்பிக், அதற்குச் சமமான பெரிய போட்டிகள். உள்ளூர்க் கோப்பையில் ஒருவர் ஒன்பது கோல் போட்டார் என்று யாராவது ஆரம்பித்தால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். நாலு பேர் கைதட்டுகிற இடத்தில் எல்லாரும் புலிதான், உலகமே எதிரே நிற்கும்போது என்ன செய்தார் சொல்லு என்பார். இறுதி ஆட்டத்தில் கோல் போட்டால் பத்து, அரையிறுதியில் எட்டு, மற்ற ஆட்டங்களில் நாலு. தடுப்பாட்டக்காரர்களுக்கு அவர்கள் நின்ற ஆட்டங்களில் எதிரணி எத்தனை கோல் குறைவாகப் போட்டது என்று பார்த்து ஒரு அடிப்படை மார்க்கு. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் வாங்கிக் கொடுத்தால் இரண்டு கழிவு. வீட்டு முன்னறையில் இரும்பு மேசை, அதன்மேல் அலுவலகத்தில் தைப்பதுபோலத் தைத்த நீள நோட்டுகள். கல்யாணம் என்று பேச்செடுத்தவர்களிடம் இந்த வருடக் கணக்கு முடியட்டும் என்றே சொல்லி நாற்பதைத் தாண்டிவிட்டார். பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

ஒரு விளையாட்டு மாத இதழ் அவருடைய பட்டியலை ஒவ்வொரு வருடக் கடைசியிலும் போட ஆரம்பித்தது. நம் நாட்டு ஹாக்கியில் என்றைக்குமான நூறு பேர், மார்க்கோடு. முடிதிருத்தும் கடையில் அதை வைத்துக்கொண்டு கைகலப்பு வரை போயிருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் இதழ் ஆசிரியருக்குத் தொலைபேசி போட்டுக் கத்தியிருக்கிறார்கள், ஒருவர் வீட்டுக்கே வந்து நல்ல விதமாகப் பேசிப் பார்த்தார். மார்க்கு சார் அவருக்குத் தேநீர் கொடுத்து, நோட்டைத் திறந்து, கூட்டலை ஒவ்வொரு வரியாகக் காட்டி அனுப்பினார். ஆனானப்பட்டவருக்கே அந்தக் கதி. அப்படிப்பட்ட கறார் மனிதரின் பட்டியலில் எண்பத்தெட்டாவது இடத்தில், முப்பத்தொரு மார்க்கோடு, அவருடைய சொந்தத் தங்கை கணவர் இருந்தார்.

அவரை எல்லாரும் தாழ்ப்பாள் என்றார்கள். பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கும் ஃபிட்டர். தடுப்பாட்டத்தில் அவர் பின்னால் நின்றுவிட்டால் கதவைச் சாத்தித் தாழ்போட்ட மாதிரிதான், அந்தப் பக்கமாகப் பந்து போகாது. அவரை முதலில் கண்டுபிடித்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவரே மார்க்கு சார்தான். பணிமனை அணி ஆட்டம் ஒன்றில் பார்த்துவிட்டு, அன்றைக்கே அவரைப் பேச்சோடு பேச்சாக வீட்டுக்குக் கூட்டிவந்து தங்கை கையால் தண்ணீர் கொடுக்க வைத்தவர். அடுத்த வருடம் கல்யாணம். இவர் அவரை மாப்பிள்ளை என்பார், அவர் இவரை மச்சான் என்பார். ஒருவரையொருவர் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசிக்கொண்டதில்லை.

தாழ்ப்பாள் நாட்டு அணிக்கு ஆடியது ஒரே ஒரு உலகக் கோப்பை. அதிலும் அரையிறுதியோடு அவர் கதை முடிந்தது.

அந்த அரையிறுதி வேற்று நாட்டில் நடந்தது. இங்கே வானொலி வர்ணனை மட்டும்தான். தங்கை மடியில் ஆறு மாதக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள், மார்க்கு சார் நோட்டோடு மேசையில். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் என்று வர்ணனையாளர் சொன்னார். பெனால்டி கார்னர் என்பது லேசுப்பட்டதில்லை. தடுக்கிற ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஓரத்திலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார்கள், முன்னால் நிற்பவர் நிறுத்துவார், பக்கத்தில் தயாராக இருப்பவர் மட்டையைச் சுழற்றிக் கோலைப் பார்த்து அடிப்பார். பந்து தள்ளப்பட்ட கணத்தில் தடுப்பவர்களில் ஒருவர் கோட்டிலிருந்து நேராக அடிக்கிறவரை நோக்கி ஓடுவார். நம் அணியில் அப்படி ஓடுவது நான்காம் எண், அதாவது தாழ்ப்பாள்.

வர்ணனையாளர் சொன்னது இதுதான். பந்து நான்காம் எண்ணின் காலில் பட்டது, மறுபடியும் பெனால்டி கார்னர். மறுபடியும் அடி, மறுபடியும் நான்காம் எண்ணின் கால், மறுபடியும் கார்னர். தடுப்பவர் காலில் பந்து பட்டால் அது குற்றம், எதிரணிக்கு இன்னொரு கார்னர் என்பது விதி. ஐந்து தடவை இப்படி நடந்தது. மார்க்கு சார் ஐந்து தடவையும் இரண்டிரண்டாகக் கழித்தார்.

“காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிட்டா என்னவாம் இந்த மனுஷன்” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

தங்கை குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எட்டு கார்னர் வரை கோல் விழவில்லை. எட்டாவது முடிந்ததும் நான்காம் எண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றார் வர்ணனையாளர். ஒன்பதாவதில் வேறொருவர் ஓடினார், பந்து உள்ளே போனது, ஒன்றுக்குச் சுழி என்று தோற்றோம். தாழ்ப்பாள் முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் கண்டு கட்டோடு திரும்பினார். ஆறு மாதத்தில் எலும்பு கூடியது, ஓட்டம் கூடவில்லை. அடுத்த அணித் தேர்வில் பெயர் இல்லை. பணிமனைக்குப் போய் மறுபடி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

மார்க்கு சார் நியாயமாகத்தான் கூட்டினார். ஆறு ஆட்டத்துக்கும் அடிப்படை மார்க்கு நாற்பத்தொன்று, கார்னர் கொடுத்ததற்குக் கழிவு பத்து, மீதி முப்பத்தொன்று. சொந்தக்காரர் என்று ஒரு மார்க்குகூட ஏற்றவில்லை. ஏற்றினால் பட்டியலே நாறிப்போகும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பட்டியல் முதல் தடவை அச்சில் வந்த மாதம் தங்கை வீட்டுக்குப் போகத் தயக்கமாக இருந்தது. தாழ்ப்பாளே தேடி வந்துவிட்டார்.

வீட்டுக்கு இல்லை, அலுவலகத்துக்கு. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஜன்னலில் பெற்றோர்கள் வரிசையாக நிற்க, அந்த வரிசையில் எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு தாழ்ப்பாளும் நின்றிருக்கிறார். அவர் முறை வந்ததும் பூர்த்தி செய்த படிவத்தை உள்ளே நீட்டினார். தேர்வர் பெயர் என்ற இடத்தில் தன் பெயர். பதிவெண், நான்கு. பாடம், அரையிறுதி. காரணம் என்ற இடத்தில் பெரிய எழுத்தில், ‘ஓடியது சேர்க்கப்படவில்லை’.

பிரிவே சிரித்தது. மார்க்கு சார் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். மைத்துனர் கோபமாக இருப்பாரோ என்று பயந்திருந்த மனிதர், வேடிக்கைதானா என்று நிம்மதியானார். வேடிக்கையை இன்னும் கொஞ்சம் இழுத்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூட்டச் சொல்லி, தானும் கூட்டி, பதில் சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். ‘மறுகூட்டல் செய்யப்பட்டது. மாற்றம் இல்லை.’ தாழ்ப்பாளும் சிரித்தார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மார்க்கு சார் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். தாழ்ப்பாளை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவரும் கூடவே சிரிப்பார், எனக்கெதுக்குங்க மார்க்கு, நான் என்ன மேல்படிப்பா படிக்கப் போறேன் என்பார். இதை எழுதும்போது எனக்கு மார்க்கு சார்மேல் கோபம் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நானாக இருந்திருந்தாலும் சிரித்திருப்பேன் என்பதால் மேலே சொல்கிறேன்.

வருடங்கள் போயின. பட்டியலில் புதியவர்கள் ஏறினார்கள், சிலர் இறங்கினார்கள். தாழ்ப்பாள் மறுபடி ஆடாததால் முப்பத்தொன்று அப்படியே நின்றது. மார்க்கு சார் ஓய்வு பெற்றார், பிறகு தாழ்ப்பாளும். அவருடைய கால் வருடத்துக்கு வருடம் மோசமாகிக் கைத்தடி வந்தது. எந்நேரமும் முழுக்கால்சட்டையோடுதான் இருப்பார், வீட்டில்கூட.

அன்றைக்கு மடியில் இருந்த குழந்தைதான் இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் மாமா வீட்டுக்கு வந்து, அவருடைய பழைய கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்று பழைய உலகக் கோப்பை ஆட்டங்களை முழுசாக இணையத்தில் ஏற்றியிருக்கிறதாம். அந்த அரையிறுதியும் இருந்தது. அப்பாவிடம் காட்டினாயா என்று மார்க்கு சார் கேட்டார்.

“காட்டினேன் மாமா. பார்க்க மாட்டேன்னுட்டார். எனக்குத்தான் தெரியுமே, உங்க மாமாகிட்ட கொண்டு போய்க் காட்டுன்னார்.”

அவள் போன பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தார். மார்க்கு சார் தன் வாழ்நாளில் பாதியை அந்த ஆட்டத்துக்கும் அதுபோன்ற நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்கும் மார்க்கு போட்டே கழித்தவர். அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

படம் மங்கல். முதல் கார்னரில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் கோல் கோட்டிலிருந்து விட்ட அம்புபோல வெளியே ஓடினார். அடிக்கிறவர் மட்டையைத் தூக்கியபோது இவர் நாலடி தூரத்தில் இருந்தார். ஒதுங்கவில்லை. இரண்டு காலையும் சேர்த்து மட்டையையும் தரையோடு வைத்து, அடிக்கிறவருக்கும் கோலுக்கும் நடுவில் தன்னை நிறுத்தினார். பந்து முழங்காலுக்குக் கீழே பட்டுத் தெறித்தது. கோல்கீப்பர் மறுமூலையில் விழுந்து கிடந்தார். பந்து போக வேண்டிய மூலை அகலத் திறந்திருந்தது.

நடுவர் கையை நீட்டினார், மறுபடியும் கார்னர். நீலச் சட்டைக்காரர் நொண்டிக்கொண்டே கோட்டுக்குப் போனார். மறுபடி ஓடினார். மறுபடி அதே கால்.

மார்க்கு சார் படத்தை நிறுத்தினார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு தொழில் புத்தியில், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டு கார்னரையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஐந்து தடவை காலில், இரண்டு தடவை தொடையில், ஒரு தடவை மட்டையில். முழங்காலுக்கு மேலே பட்டால் கார்னர் கிடையாது, அதனால் தொடைக்கு அன்று கழிவு விழவில்லை. காலிலும் தொடையிலும் பட்ட ஏழில் நாலு சந்தேகத்துக்கு இடமில்லாத கோல். கோல்கீப்பர் எட்டியிருக்கவே முடியாது. எட்டாவது தடவை அவர் கோட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு காலை இழுத்தார், ஆனாலும் கிளம்பினார். அதன் பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்பதாவதில் ஓடிய புது ஆள் கடைசி நொடியில் காலை ஒதுக்கிக்கொண்டார்.

காலை ஒதுக்கிக்கொண்டால் என்னவாம் என்று தான் கேட்டது மார்க்கு சாருக்கு ஞாபகம் வந்தது. மேசையில் தலையை வைத்து அழுதார். வயதான ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க அந்த வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கட்டத்தில் எதுவும் தப்பில்லை. காலில் பட்டது உண்மை, கார்னர் கொடுத்தது உண்மை, கூட்டலும் உண்மை. விழுந்த கோலுக்குக் கட்டம் இருந்தது, விழாத கோலுக்கு இல்லை. அணிக்காக அந்த மனிதர் செய்த ஒரே பெரிய காரியத்தை எடுத்து, தடவைக்கு இரண்டாகக் கழித்திருந்தார்.

அன்று மாலையே கிளம்பி நாலு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் போயிருக்கலாம். மாப்பிள்ளை, தப்பு பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன கணக்கு வேண்டியிருந்தது. ஆனால் மார்க்கு சார் மார்க்கு சாராகவே இருந்தார். ஒருவருக்கு விதியை மாற்றினால் எல்லாருக்கும் மாற்ற வேண்டும். பட்டியலில் கார்னருக்கு எதிராக ஓடிய வேறு பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய ஆட்டங்களையும் பார்க்காமல் இவருக்கு மட்டும் ஏற்றினால், தங்கை புருஷனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார் என்று ஊர் சிரிக்காதா. அதைவிட, அரைகுறையாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால் அந்த மனிதரை இரண்டாம் தடவை ஏமாற்றியதாகாதா. இரண்டு முறை கூட்டாமல் வெளியே விடக் கூடாது. உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனார். தாழ்ப்பாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கால்சட்டைக்கு மேலேயே வெந்நீர்த் துண்டை வைத்துக் காலை ஒத்திக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் அங்கே வந்தது.

“பொண்ணு ஏதோ படம் காட்டினாளாமே, மச்சான்.”

“ஆமா மாப்பிள்ளை. பாத்துக்கிட்டிருக்கேன். சரிபார்க்க வேண்டியது நெறைய இருக்கு.”

“சரி சரி. ஒண்ணும் அவசரமில்ல.”

துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார், இவர் முகத்தைப் பார்க்கவில்லை. மார்க்கு சாருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதே நோட்டில் பென்சிலால் ஒரு எண் இருந்தது. கழித்த பத்தைத் திருப்பிச் சேர்த்து, விழாத நாலு கோலுக்கு அரையிறுதிக் கணக்கில் எட்டெட்டாகப் போட்டு, எழுபத்து மூன்று. பதினோராவது இடம். ஆனால் இன்னும் நாலு பேரின் ஆட்டங்கள் பாக்கி. அதோடு, உண்மையைச் சொல்ல வேண்டும், அவருக்குள் ஒரு சின்ன ஆசையும் புகுந்திருந்தது. அச்சில் வந்த இதழைக் கையோடு கொண்டுவந்து, திறந்து, விரலை வைத்துக் காட்ட வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது தாழ்ப்பாள் கைத்தடியோடு வாசல் வரை வந்தார்.

“இந்த வருஷமும் அதே முப்பத்தொண்ணுதானா?” என்று சிரித்தார்.

“வெளியாகட்டும். பாருங்க” என்றார் மார்க்கு சார், அவரும் சிரித்தபடி.

வீடு வரை அந்தச் சிரிப்போடுதான் நடந்தார். பிறகு அவர் தன்னை மன்னிக்கவே முடியாமல் போனது அந்த நாலு தெருவுக்குத்தான்.

பத்தொன்பதாம் நாள் காலை. செருப்பை மாட்டக் குனிந்த தாழ்ப்பாள் நிமிரவில்லை. மகள் தொலைபேசியில் அழைத்தபோது மார்க்கு சார் கடைசி ஆட்டத்தின் கடைசி கால் மணி நேரத்தில் இருந்தார். ஓடிப்போனார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கால்சட்டையைக் கத்தரித்துப் போட்டிருந்தாள். மார்க்கு சார் அந்தக் கால்களை அன்றைக்குத்தான் வெற்றாகப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேடும் பள்ளமுமாகக் கன்றிப் போயிருந்தது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினார். பழக்கம் விடவில்லை. அதற்காகத் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டார்.

டாக்டர் வெளியே வந்து சொல்ல வேண்டியதைச் சொன்னார். தங்கை அழவில்லை, செருப்பு ஒன்று வீட்டிலேயே கிடக்கிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பட்டியல் அந்த மாதமே அச்சுக்குப் போனது. கூடவே மார்க்கு சார் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடமாகப் பெனால்டி கார்னருக்கு எதிராக ஓடியவர்களுக்கு நான் செய்தது அநியாயம், கூட்டல் சரி, பார்வை தப்பு என்று பூசி மெழுகாமல் எழுதினார். ஆசிரியர் பாராட்டினார். தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று பலர் தொலைபேசியில் சொன்னார்கள். ஒவ்வொரு பாராட்டும் சுருக்கென்று குத்தியது. ஒருவரிடம் பதில் பேசாமலே வைத்துவிட்டார்.

இதழ் வந்த நாள் தங்கையே வரச் சொல்லி ஆளனுப்பினாள். மார்க்கு சார் தன் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். எப்படி எடுத்துக் கொடுப்பது என்று வழியெல்லாம் யோசித்தபடி போனவருக்கு அங்கே மேசைமேல் இன்னொரு பிரதி காத்திருந்தது. பிரிக்காத தபால் உறை. மேலே தாழ்ப்பாளின் பெயர், வீட்டு முகவரி.

“அவர் பேருக்கு வந்திருக்கு. நீங்களே பிரிங்கண்ணா.”

அவர் இதை வாங்குவாரா என்று மார்க்கு சார் கேட்டார். தங்கை உள்ளே போய், துணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிவந்து வைத்தாள். எல்லா வருடத்து இதழும் இருந்தது, ஒன்று விடாமல். மார்க்கு சார் ஒன்றைத் திறந்தார். எண்பத்தெட்டாவது பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. இன்னொன்றைத் திறந்தார். புதியவர்கள் ஏறியதில் எண்பத்தொன்பது, அதற்கும் கீழே கோடு. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று. எல்லாக் கோடும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. அருகில் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. எனக்கெதுக்குங்க மார்க்கு என்று சிரித்த மனிதர், ஒவ்வொரு வருடமும் தபாலுக்குக் காத்திருந்து, உறையைப் பிரித்து, கீழிருந்து மேலே தேடியிருக்கிறார்.

“இந்தத் தடவ மாறும்னு சொல்லிக்கிட்டிருந்தார்” என்றாள் தங்கை. “நீங்க அந்தப் படம் பாத்தது தெரிஞ்சதுலேர்ந்து. தெனம் காலையில தபால்காரன் வந்தானான்னு கேப்பார். அது வருஷக் கடைசியிலதான் வரும்னு அவருக்குத் தெரியாதா. தெரிஞ்சும் கேட்டார்.”

மார்க்கு சார் உறையைப் பிரித்தார். ஓரம் கோணலாகக் கிழிந்தது. பக்கத்தைத் திருப்பி, பதினோராவது பெயரில் விரலை வைத்துக் காட்டினார். கனவு கண்டதுபோலவே விரலை வைத்துத்தான் காட்டினார். தங்கை குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள்.

“இது வேற ஏதாவது மேட்ச்சையும் சேத்ததாண்ணா?”

“இல்லம்மா. அதே மேட்ச்தான்.”

“அப்போ அன்னிக்கே எழுபத்து மூணுதான் இருந்திருக்கு.”

“ஆமாம்மா” என்றார்.

அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சற்று நன்றாக இருந்திருக்கும். இதழ்களை மறுபடி அடுக்கும்போது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் வருட இதழிலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. நாலாக மடித்த தாள், மடிப்புகளில் கண்ணாடிக் காகித ஒட்டு. மார்க்கு சாருக்குத் தன் கையெழுத்து தூரத்திலேயே தெரிந்தது. மறுகூட்டல் செய்யப்பட்டது, மாற்றம் இல்லை. கீழே வட்ட முத்திரை, சிவப்பு மை மங்காமல் இருந்தது. எத்தனை பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்று நினைத்தார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என்ன எழுதப் போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. மாற்றம் இல்லை என்பதை அடித்துவிட்டு எழுபத்து மூன்று என்று போடவா, தேதியோடு கையெழுத்துப் போடவா, ஏதோ ஒன்று. பேனா முனை தாளைத் தொடுமுன் தங்கை அந்தச் சீட்டை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“அதுல கை வைக்காதீங்கண்ணா. அவர் வச்சிருந்தபடியே இருக்கட்டும்.”

பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து, முதல் வருட இதழுக்குள் வைத்து, கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மார்க்கு சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். புது இதழ் மட்டும் மேசைமேல் திறந்தபடி இருந்தது, அதில் கோடு போட யாரும் இல்லை.